காசா? கார்டா?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிப் பாதிப் பேரைக் கார்டு வாங்கும் முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே! இந்தப் பனியிலும் இடத்தை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கும் வேங்கிக்கால் பெருமக்களே, தாய்மார்களே!

முதலில் உங்க ஊர்ப் பேருக்கு ஒரு கும்பிடு. 'கால்' என்கிற சொல்லுக்குத் தமிழில் எத்தனை பொருள்! நடக்கிற கால் ஒன்று. வாய்க்கால் ஒன்று. வீசுகிற காற்றுக்கும் கால் என்று பெயர். நாலில் ஒரு பங்குக்கும் கால்தான். உங்க ஊர்க் கால் எந்தக் கால் என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு பண்ணட்டும். நான் காசு அணி. அதனால் எனக்கு அது காலணா, கால் ரூபாய்! (சிரிப்பு) அந்தக் கால் ரூபாயை 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நாணயம் போனாலும் உங்க ஊர்ப் பேரில் கால் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாவட்டத்துக் கலெக்டரே இந்தக் காலில்தான் உட்கார்ந்து ஆட்சி செய்கிறார். (கைதட்டல்)

சகோதரி என்ன சொன்னாங்க? "காசு பழைய பஞ்சாங்கம், கார்டு புது நாகரிகம்" என்றார்கள். நான் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிக் காட்டுகிறேன். எது பழசு, எது புதுசு என்று பார்ப்போம்.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையன். இங்கிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற ஊர்தானே காஞ்சி! அதில் ஓர் இடைச்சி வருகிறாள். விடியற்காலையில் தயிர் கடைகிறாள். மோரைத் தலையில் சுமந்துபோய் விற்கிறாள். அந்த மோருக்குக் கிடைத்ததை வைத்துச் சுற்றத்துக்கெல்லாம் சோறு போடுகிறாள். நெய் இருக்கிறதே, அதற்கு மட்டும் ஒரு தனிக் கொள்கை வைத்திருக்கிறாள். நெய்க்கு விலையாகப் பசும்பொன்னைக் கட்டியாக நீட்டினாலும் வாங்க மாட்டாளாம். எருமை கொடு, பசு கொடு, கன்றுகாலி கொடு என்பாளாம்.

தங்கத்தை வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் தமிழ் இலக்கியத்தில் நான் பார்த்தது அங்கே ஒரு இடத்தில்தான். (சிரிப்பு) என் வீட்டம்மாவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். "பாட்டுல பாட பேதம் ஏதாச்சும் இருக்கும், நல்லா பாருங்க" என்றார்கள். (பலத்த சிரிப்பு)

விளையாட்டு இருக்கட்டும். அவள் ஏன் வேண்டாம் என்றாள்? பொன் கன்று போடாது. பொன் பால் கறக்காது. நீ எவ்வளவு உசத்தியான சாமானை நீட்டினாலும், வாங்குகிறவள் கை நீட்டினால்தான் அதற்குப் பேர் பணம். "உங்க கார்டு எங்க கடையில் எடுக்காதுங்க" என்று முதன்முதலில் சொன்ன தமிழச்சி அவள்தான் ஐயா!

அடுத்து கோயிலுக்கு வாருங்கள். 217 அடி ராஜகோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம், கிருஷ்ணதேவராயர் எழுப்பத் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கீழே, சுவரில் இருக்கும் கல்வெட்டை எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? சோழர் காலத்துக் கோயில்களில் அணையா விளக்கு எரிக்க ஒருவர் கொடை கொடுக்கிறார் என்றால், பல இடங்களில் அவர் காசு கொடுக்கவில்லை, ஆடு கொடுத்திருக்கிறார். தொண்ணூறு ஆடு, தொண்ணூற்றாறு ஆடு. அந்த ஆட்டுக்குக் கல்வெட்டில் ஒரு பட்டம் இருக்கிறது பாருங்கள், சாவா மூவாப் பேராடு! சாகாத ஆடு, கிழடாகாத ஆடு. எந்த ஊரிலாவது ஆடு சாகாமல் இருக்குமா? பொருள் என்னவென்றால், செத்த ஆட்டுக்குப் பதிலாகப் பிறந்த குட்டியைச் சேர்த்துக்கொண்டு, எண்ணிக்கை குறையாமல் வைத்திரு. அதிலிருந்து நாளுக்கு இவ்வளவு நெய் கோயிலுக்கு அள. இன்றைக்கு பேங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட் என்கிறோம். முதல் கரையக் கூடாது, வட்டி மட்டும் வரவேண்டும். அன்றைக்கு அந்த டெபாசிட் 'மே' என்று கத்தியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். (சிரிப்பு, கைதட்டல்)

ராஜராஜன் தஞ்சாவூரில் பெரிய கோயில் கட்டினான். அந்தக் கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி விகிதம் கல்லிலேயே இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் வருஷம் கழித்தும் மழையில் கரையாமல் அந்த வட்டி விகிதம் நிற்கிறது. சகோதரி வைத்திருக்கும் கிரெடிட் கார்டுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அது கல்லில் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில், பதினாலாம் பக்கத்தில் இருக்கும். (கைதட்டல்)

சொல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழ் வாத்தியாருக்குத் தூக்கம் வராது. 'கேஷ்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அது காசிலிருந்து போனதா? ரொக்கம் என்கிற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. அதை நம்முடையது என்று நான் சொந்தம் கொண்டாட மாட்டேன். ஆனால் சின்னச் செப்புக் காசுக்கும் வெள்ளைக்காரன் கேஷ் என்று எழுதினான் பாருங்கள், அது நம்ம காசு! போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயர் கணக்குப் புத்தகத்தில் ஏறி, கடைசியில் சீனாக்காரனின் ஓட்டைக் காசுக்கும் அதே பேர் ஆகிவிட்டது. சென்னைப் பட்டணத்துக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே பாதி வெள்ளைக்காரர்களுக்கு முடி நரைத்திருக்கும். 1957 ஏப்ரல் முதல் தேதி வரைக்கும் நமக்கும் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. அன்றைக்குத்தான் நூறு நயா பைசா வந்தது. அதைப் பார்த்து எங்க தாத்தா, "பதினாறுக்கே சரியா கணக்கு சொல்ல மாட்டான் கடைக்காரன், நூறுன்னா விடுவானா?" என்று கேட்டாராம்.

இப்போது எதிரணியின் கோட்டைக்கே வருகிறேன். 'கையில் பணம் இல்லாமல் காகிதத்தைக் காட்டி வாங்குவது மேல்நாட்டு நாகரிகம்' என்றீர்களே அம்மா! காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நம்ம நகரத்தார் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். உண்டியல் என்று ஒரு தாள் இருக்கும். இந்த ஊரில் உண்டியல் என்றால் அண்ணாமலையார் கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிரம்பும், எண்ணுவார்கள். நான் சொல்வது வேறு. இங்கே ஒரு செட்டியார் கடையில் பணத்தைக் கட்டிவிட்டு ஒரு தாளை வாங்கிக்கொள்ள வேண்டியது. கப்பல் ஏறி ரங்கூனில் இறங்கி, அங்கே இருக்கிற இன்னொரு கடையில் அந்தத் தாளை நீட்ட வேண்டியது. பணம் கைக்கு வந்துவிடும். கண்டவுடன் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல், நாள் குறித்துக் கொடுப்பது தவணை உண்டியல். சாமியைப் பார்ப்பதற்குச் சொல்கிற தரிசனத்தையே காசுத் தாளுக்கும் வைத்திருக்கிறான் பாருங்கள் தமிழன்! கடலில் கொள்ளைக்காரன் பிடித்தாலும் அவனுக்கு அது வெறும் தாள். கார்டுக்கு இருக்கிற அத்தனை வசதியும் அதற்கு இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? கதையை அங்கேயே நிறுத்தினால் எதிரணி ஜெயித்துவிடும். பர்மாவில் உழவர்களுக்கு நெல் பயிரிடக் கடன் போயிற்று. 1930-ல் உலகமெல்லாம் மந்தம். நெல் விலை விழுந்தது. கடன் விழவில்லை. வாங்கினவர்களால் கட்ட முடியவில்லை. 1937-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் (இங்கேயும் கால் வந்துவிட்டது பாருங்கள்) கடனுக்கு ஈடாக நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. நிலத்தை ஆசைப்பட்டு அவர்கள் கேட்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம். நிலம் போனவன் வயிறு எரிந்தான். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். கொடுத்தவர்களும் கூலிக்குப் போனவர்களுமாக நம்ம ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் கணக்கு பெரிசு. பெட்டி நிறையப் பத்திரம் இருந்தது. அதைக் காட்டி ஒரு படி அரிசி வாங்க முடிந்திருக்குமா? சகோதரி, தாள் என்பது இன்னொருவன் கொடுக்கிற வாக்கு. வாக்குக் கொடுத்தவன் இருக்கிற வரைக்கும்தான் தாள்.

"ரூபாய் நோட்டும் வாக்குத்தானே சார்?" என்று நடுவர் மெதுவாகக் கேட்கிறார். ஆமாம் ஐயா! ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டு, தருகிறேன் என்று உறுதி சொல்கிற தாள்தான் அது. என் அணிக்கே நீங்கள் குண்டு வைத்தாலும் நான் மறைக்க மாட்டேன். அந்தக் குண்டு வெடித்த கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் கார்டு பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1950-ல் நியூயார்க்கில் பிராங்க் மெக்னமாரா என்பவர் டைனர்ஸ் கிளப் கார்டைத் தொடங்கினார். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பையைத் தடவினால் பர்ஸ் இல்லை, அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கார்டு என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் நிஜமோ! நம்ம ஊரில் அதே நிலைமை வந்தால் மாவாட்டச் சொல்வார்கள், அதனால்தான் நமக்குக் கார்டுக்குப் பதிலாக கிரைண்டர் கிடைத்தது. (பலத்த சிரிப்பு) 1958-ல் அமெரிக்காவில் ஃப்ரெஸ்னோ என்ற ஊரில் ஒரு பேங்க், கேட்காத ஆட்களுக்கெல்லாம் சுமார் அறுபதாயிரம் கார்டைத் தபாலில் அனுப்பி வைத்தது. அதுதான் பின்னாளில் விசா என்று பேர் மாறியது. கடன் கேட்டு நாம் போனது போய், கடன் நம்மைத் தேடி வந்தது அன்றைக்குத்தான்.

நமக்கு மளிகைக்கடை நோட்டு இருந்தது. மாசம் பூரா வாங்கி, ஒன்றாம் தேதி சம்பளத்தில் தீர்ப்போம். பின் நம்பர் கிடையாது, செட்டியார் முகம்தான் பின் நம்பர். பாக்கி ஏறினால் பருப்பு குறையும். கல்யாணம், காட்சி என்றால் தானாகவே தவணை நீளும். பக்கத்திலேயே 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகையும் தொங்கும். அந்தப் பலகைக்குக் கீழேதான் நாம் கடன் சொல்லிக்கொண்டிருந்தோம்!

இந்தியாவில் 1980-ல் சென்ட்ரல் பேங்க் கிரெடிட் கார்டைக் கொண்டுவந்தது. 1987-ல் மும்பையில் எச்.எஸ்.பி.சி. வங்கி ஏ.டி.எம். வைத்தது. அந்த ஏ.டி.எம். சங்கதியில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1967-ல் லண்டன் பக்கம் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த பணம் தரும் இயந்திரத்தைக் கொண்டுவந்த ஜான் ஷெப்பர்ட் பேரன், நம்ம ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய எண் ஆறு இலக்கம் இருக்கட்டும் என்று நினைத்தாராம். அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து மனைவியிடம் கேட்டிருக்கிறார். "எனக்கு நாலு இலக்கம்தான் ஞாபகம் இருக்கும்" என்று அந்த அம்மா சொன்னார். அதுதான் தீர்ப்பு. உலகம் பூரா நாலு இலக்கம்! (கைதட்டல்) இந்த நாலு இலக்கத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது அந்தக் குண்டு. 2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. ஐநூறும் ஆயிரமும் நடுராத்திரியோடு செல்லாது என்று பிரதமர் டி.வி.யில் அறிவித்தார். 1946-லும் 1978-லும் இப்படிப் பெரிய நோட்டைச் செல்லாததாக்கியிருக்கிறார்கள். அப்போது அந்த நோட்டைக் கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம் பேர். இந்த முறை நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு ஒரே ராத்திரியில் தாளாகப் போய்விட்டது. பிறகு எண்ணிப் பார்த்தால் அதில் 99.3 சதவீதம் பேங்க்குக்கே திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் கணக்குச் சொன்னது.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 12. நோட்டு போய் முப்பத்து நாலு நாள்தான். நான் பதினாலு கிலோமீட்டரும் சுற்றி வந்தேன். வழியெல்லாம் அகல் விளக்கு, கற்பூரம், வேர்க்கடலை, சுண்டல். பக்தர் கையில் புத்தம் புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. "சாமி, இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கூடையோட எடுத்துக்கினு போ, மீதி சில்லறைக்கு நானும் உன்கூட வரேன்" என்றது ஒரு பூக்கார ஆயா. (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அந்த ஆயா சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்தால் அந்தப் பூ வாடிப்போகும். குபேர லிங்கத்துக்கு முன்னால் நின்று எல்லாரும் செல்வம் கேட்டார்கள். அந்த வருஷம் ஆயா கேட்டிருந்தால் செல்வம் கேட்டிருக்காது, சில்லறை கேட்டிருக்கும்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். தாய்மார்கள் கொஞ்சம் கவனியுங்கள். சிறுவாடு என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதே, வீட்டுச் செலவில் பிடித்துப் பிடித்து, பால் விற்று, முட்டை விற்று, வீட்டு ஆம்பிளைக்குத் தெரியாமல் பெண்கள் சேர்க்கிற காசு. அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். கத்தரிக்காய்க்கும் கணக்கு. நான் காலேஜில் சேர்ந்தபோது கடைசி நாளில் பீஸுக்குப் பணம் குறைந்தது. அம்மா புளிப்பானைக்குள் கையை விட்டு, புளி வாசனையோடு சுருட்டிய நோட்டை எடுத்துக் கொடுத்தாங்க. இந்த டாக்டர் பட்டம், இந்த மேடை எல்லாம் அந்தப் பானையிலிருந்து வந்தது ஐயா!

2016-ல் அம்மாவுக்கு எழுபது வயசு. செல்லாது என்ற செய்தி வந்து மூணு நாள் ஒண்ணும் பேசவில்லை. நாலாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பானையைக் காட்டினாங்க. நாற்பத்து மூணு ஐநூறு ரூபாய் நோட்டு. வரிசையில் நின்று அம்மா பேரில் கணக்கில் கட்டினேன். இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரைக்கும் கட்டினால் கேள்வி கிடையாது என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. ஒரு பைசா குறையவில்லை. பாஸ்புக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவா!" என்றார், சந்தோஷமாகத்தான். அம்மா அதைத் திருப்பி வாங்கவே இல்லை. "நீ எண்ணிட்ட. உங்கப்பாவும் பாத்துட்டாரு. இனிமே அது வூட்டுக் காசுடா, என் காசு இல்ல" என்றாங்க.

(அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

சகோதரி எழுந்து நிற்கிறாங்க. என்ன கேட்பாங்க என்று எனக்குத் தெரியும். "பானையில் இருப்பதைப் புருஷன் அடித்துப் பிடுங்கி டாஸ்மாக்குக்குக் கொண்டுபோகிறானே, கணக்கில் இருந்தால் முடியுமா?" நியாயமான கேள்வி. நான் தட்டிக் கழிக்க மாட்டேன். 2023 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஆயிரம் ரூபாயை நேராகக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். ரொக்கமாக யார் கையிலோ கொடுத்தனுப்பியிருந்தால் முழுசாக வந்து சேர்ந்திருக்குமா? சேர்ந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால், மாசம் பிறந்ததும் ஏ.டி.எம். வாசலில் போய் நின்று பாருங்கள். கணக்கு அம்மா பேரில், கார்டு ஐயா சட்டைப் பையில்! அந்த நாலு இலக்கம்? கார்டு உறை மேலேயே பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கும். ஷெப்பர்ட் பேரன் வீட்டு அம்மாவுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்றுதானே நாலாகக் குறைத்தார்? நம்ம வீட்டில் அந்த நாலு இலக்கம் மாமியாருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும். கணக்குக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது. புளிப்பானைக்குப் பின் நம்பர் கிடையாது. அது எங்கே இருக்கிறது என்பது ஒருத்திக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. காசு செத்துப்போச்சு என்று சொன்னீர்கள். யூபிஐ 2016 ஏப்ரலில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒரே மாசத்தில் இரண்டாயிரம் கோடி முறைக்கு மேல் அதில் பணம் கை மாறியிருக்கிறது. இளநீர்க் கடையில் பெட்டி வாய் திறந்து 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று ஊருக்கே ஒலிபரப்புகிறது. ரொம்ப சரி. அதே காலத்தில் புழக்கத்தில் இருக்கும் நோட்டு குறைந்ததா? 2016 மார்ச்சில் சுமார் 16 லட்சம் கோடி. 2024 மார்ச்சில் சுமார் 35 லட்சம் கோடி. இரண்டு மடங்குக்கு மேலே! போனில் காய்கறி வாங்குகிறான். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும் என்று பீரோவில் நோட்டு வைக்கிறான். ஜனங்கள் எந்த அணியிலும் சேரவில்லை நடுவர் அவர்களே, இரண்டு பக்கமும் கையை வைத்திருக்கிறார்கள்.

என் அணியின் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் சொல்லிவிடுவார். பத்து ரூபாய் நாணயம்! அரசாங்கம் அச்சடித்த அசல் நாணயம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பதினாலு விதமான வடிவமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. இருந்தும் எத்தனை கடைகளில், எத்தனை பஸ்ஸில் "இது இந்தப் பக்கம் போவாது சார்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்! டெல்லி சொன்னாலும் ரிசர்வ் வங்கி சொன்னாலும் பெட்டிக்கடைக்காரர் சொல்வதுதான் சட்டம். நெய்க்காரி பொன்னைத் திருப்பிக் கொடுத்தாளே, அவள் வம்சம் இன்னும் இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தீர்ப்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் ஐயா. விழாக் குழுச் செயலாளருக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். எனக்குப் பேசிய சன்மானத்தை ரொக்கமாகவே கொடுத்துவிடுங்கள், வவுச்சரில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கணக்கில் போட்டுவிடாதீர்கள். பணம் வந்தால் மெசேஜ் போகிற நம்பர் என்னுடையது இல்லை, என் வீட்டம்மாவுடையது. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)